ஒன்றரை லிட்டர்

நான்காம் நிலை என்று அறிவித்திருந்தார்கள்.
பத்திலிருந்து பன்னிரண்டு வரை
ரெசர்வாயர் ஹில்ஸில் எங்கள் பக்கத்துக்கு இருட்டு.
நெற்றி விளக்கை மாட்டிக்கொண்டு
தொட்டிக்கு அடியில் மண்டியிடுகிறேன்.

குழாய்க்குள் நாளெல்லாம் புரண்டுகொண்டிருந்த உருண்டைகள்
ஒன்றன்மேல் ஒன்றாக உட்கார்ந்துவிட்டன.
ஊறவைத்து மறந்துபோன ஜவ்வரிசி.
முதல் பொட்டலம் வந்த அன்று
கோகி அண்ணி கைநிறைய அள்ளிப் பார்த்து
பாயசத்துக்கா என்றாள்.
பாக்டீரியாவுக்கு என்றேன்.
அதிலிருந்து எங்கள் வீட்டில் அவள் காபிகூடக் குடிப்பதில்லை.

உண்மையில் அது ஒருவகைப் பிளாஸ்டிக்.
அவற்றுக்கு அதுதான் சோறு.
தொட்டுக்கொள்ள, தண்ணீரில் கரைந்திருக்கும் நைட்ரேட்,
மீன் தின்று கழித்த பாஸ்பேட்.
உண்டு பெருத்து உருண்டையைவிட்டு உதிர்பவற்றை
ஸ்கிம்மர் நுரையோடு நுரையாகத் தூக்கிக்
கோப்பையில் தள்ளும்.
வாரம் இருமுறை அந்தக் கோப்பையைக் கழுவுகிறேன்,
முகத்தைத் திருப்பிக்கொண்டு.

முதல் வருடம் பொட்டலம் முழுவதையும் கொட்டினேன்.
ஒரே மாதத்தில் நைட்ரேட் பூஜ்யம்.
பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன்.
சுத்தம் சோறு போடும் என்று
எழுதிப் பழகிய கை.
மூன்றாம் வாரம் மான்கொம்புப் பவளம்
நுனியிலிருந்து வெளிறத் தொடங்கியது.
நோயில்லை. பசி.
கண்ணாடி போன்ற தண்ணீரில் பட்டினி.
தேநீர் வடிகட்டியால் பாதி உருண்டைகளை வெளியே எடுத்தேன்.
இப்போதெல்லாம் பரிசோதனைக் குப்பியில்
கொஞ்சம் ரோஜா நிறம் தெரிந்தால்தான்
எனக்குத் தூக்கம் வருகிறது.

பகலிலும் இதே வேலைதான். அளவுதான் வேறு.
ஆற்றோரம், கழிவுநீர் நிலையத்தின் ஆய்வகத்தில்
ஊர் பாதியின் தண்ணீரைக் குப்பியில் ஏந்தி
நிறம் பார்க்கிறேன்.
அங்கேயும் இதே பூச்சிகள், இதே பசி.
மின்சாரம் போனால் ஜெனரேட்டர்.
ஜெனரேட்டருக்கு டீசல்.
டீசலுக்குக் கையெழுத்து.
கையெழுத்துப் போடுகிறவர் திங்கட்கிழமை வருவார்.

பத்தே முக்காலுக்கு பம்ப் அறையிலிருந்து
முலுங்கிசி அழைத்தான்.
"வழியுது" என்றான்.
சரிசெய்கிறவன் என்று அவன் பெயருக்கு அர்த்தம்.
அதை இப்போது நினைவூட்டினால் அடிப்பான்.
உம்கேனி வாங்கிக்கொள்ளும், உம்கேனியிடமிருந்து கடல்.
நாளை சனிக்கிழமை.
மணலில் சிவப்புப் பலகை நடுவார்கள்.
பலகையைத் தாண்டி
பிள்ளைகள் இறங்கத்தான் செய்வார்கள்.

பன்னிரண்டுக்கு வரவில்லை.
எங்கோ கேபிளை வெட்டிக்கொண்டு போய்விட்டார்களாம்.
பேட்டரியில் ஓடும் காற்றுக்குழாய்
பவளங்களுக்கு மட்டும் போதும்.
நான் தரையில் சாய்ந்து
அதன் குமிழ்களை எண்ணிக்கொண்டிருந்தேன்,
ஒரு வெடிவாலன் மீன் வந்து
விளக்கை முறைத்துவிட்டுப் போகும் வரை.

மூன்று நாற்பதுக்குக் குளிர்பெட்டி முனகியது.
எல்லாம் ஒவ்வொன்றாக எழுந்தன.
உருண்டைக் குழாயின் பிளக்கை மட்டும்
முன்பே பிடுங்கி வைத்திருந்தேன்.
அசையாத தண்ணீரில் மூச்சுமுட்டிச் செத்தவை
இந்நேரம் அழுகியிருக்கும்.
அப்படியே ஓடவிட்டால்
எல்லாம் ஒரே மூச்சில் தொட்டிக்குள் போகும்.
இதை ஒரு முறை கற்றுக்கொண்டேன்,
இரண்டு மீன் விலையில்.

மூடியைத் திறந்தேன். கூழ்முட்டை நாற்றம்.
உருண்டைகளை உப்புத்தண்ணீரில் அலசித்
தட்டி உதிர்த்து,
பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் சேர்ந்த
ஒன்றரை லிட்டரைச்
சமையலறைத் தொட்டியில் சாய்த்தேன்.

பாதி சாய்த்தபோது கை நின்றது.
இந்தக் குழாய் மேட்டிலிருந்து இறங்கி,
பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் திரும்பி,
எங்கே போகும் என்று
வரைபடம் பார்க்காமலே சொல்லத் தெரிந்தவள் நான்.

வேறெங்கே கொட்டுவது?
மீதியையும் சாய்த்தேன்.
ஏழு மணிக்கு எனக்கு வேலை.
அது முன்னால் போகிறது.